இப்பத்திக்கு

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு யாரையாவது அறைந்திருப்பேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால் தப்பித்தார்கள்.

காலை டிரிப்பில் நால்ரோடு தாண்டியதும் பெட்ரோல் வாடை. முன்னால் போகிற பைக்கிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். பைக் சந்தைப் பக்கம் திரும்பிய பிறகும் வாடை எங்களோடேயே வந்தது. நடுசீட்டிலிருந்து தன்யஸ்ரீ, யு.கே.ஜி. படிக்கிறவள், "டிரைவர் அக்கா, பெட்ரோல் வாசம் சூப்பரா இருக்குது" என்றாள். மற்ற எட்டுப் பேரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்து ஆமாம் என்றார்கள். அங்கேயே வேனை ஓரங்கட்டி, சாவியைப் பிடுங்கி, ஒன்பது பிள்ளைகளையும் இறக்கி வரிசையாக நடத்திக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் அரை கிலோமீட்டர். வெயில். ஒருத்தனுக்குச் செருப்பு அறுந்துவிட்டது. மேனேஜர் சுந்தரவடிவேல் கேட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது வேனுக்கு அடியில் தோசை அகலத்துக்கு ஈரம். மெக்கானிக் தியாகுவுக்குப் போன் போட்டேன். வந்தான். இந்த வேனில் எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் டியூப்பு வெடிச்சிருக்குதுங்கக்கா. பழைய ரப்பரு, காஞ்சு போச்சு. இப்பத்திக்குச் சோப்பு வெச்சு அடைச்சுட்டா ஒரு மாசம் ஓடிப்போயிருமுங்க" என்றான். சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்தான்.

அதை அவன் கையிலிருந்து பிடுங்கி வேலிக்குள் வீசினேன். "ஏனுங்கக்கா, கை கழுவறதும் அதுலதானுங்க" என்றான். கை கழுவ வேறு வாங்கிக்கொள் என்றேன். வெடித்த நுனியை வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டிக் கிளிப் போட்டான். ஒழுகவில்லை. சோப்பு இல்லாமல் வேலை செய்யத் தெரிகிறது அல்லவா, பிறகென்ன? வியாழக்கிழமை புது டியூப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இந்த 'இப்பத்திக்கு' என்ற சொல்லை எங்கள் ஊரில் யாராவது தடை செய்தால் அவர்களுக்கு நான் ஓட்டுப் போடுவேன். குழாய் ஒழுகினால் இப்பத்திக்கு ஒரு துணி. கதவு சாய்ந்தால் இப்பத்திக்கு ஒரு கல். வயிறு வலித்தால் இப்பத்திக்கு ஒரு சோடா. அப்புறம் என்று ஒன்று வருவதே இல்லை. இன்றிலிருந்து என் காதில் யார் இதைச் சொன்னாலும் இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போடப்போகிறேன். உரக்கடையில் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து சும்மாதான் கிடந்தது. தியாகுவுக்கு ஒரு கோடு போட்டாயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு டிரிப். வாடை இல்லை. ஆனால் சிவப்பு சிக்னல் மாதிரி மூக்கு முழித்துக்கொண்டே இருக்கிறது.

சாயங்காலம் இவர் மில்லிலிருந்து வந்ததும் டியூப் வெடித்ததைச் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் அர்த்தனாரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை இந்த வேனை ஓட்டியவர். இப்போது ஸ்பின்னிங் மில்லில் கேட் பார்க்கிறார். வலது கையில் மூன்று விரல் மடங்காது. முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். வேனில் தீப்பிடித்தபோது ஆனது.

"எந்த டியூப்பு? முன்னாலதா, பின்னாலதா?" என்று கேட்டார்.

"முன்னாலது."

"அப்பச் செரி."

என்ன சரி? டியூப் வெடித்தது சரியா? கேட்பதற்குள் தட்டில் ஸ்பூனை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நங்கை வந்தார்கள். இவருடைய அக்கா பாப்பாத்தி. பக்கத்துத் தெருவிலேயே இருப்பதால் எங்கள் வீட்டு விஷயம் எங்களுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். டியூப் கதையைக் கேட்டதும் ஆரம்பித்தார்கள். "பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்துல பீடி பத்த வெச்ச மகராசன் இவன். கையோட போச்சு. அன்னைக்கு வண்டில கொளந்தைக இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நம்ம குடும்பம் இந்த ஊர்ல தலை காட்ட முடியுமா?" மூன்று வருஷமாக இதே கேசட். இவர் தலையைக் குனிந்து தயிர்ச்சோற்றைக் கிளறினார். நான் டீ போட உள்ளே போய்விட்டேன். டீ கொதிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

போகும்போது நங்கை கை கழுவச் சோப்பு தேடினார்கள். "ஏன் தமயந்தி, உங்க ஊட்டுல ஒரு கட்டிச் சோப்பு கூடக் கெடையாதா?" என்றார்கள். தூள்தான் வாங்குகிறோம் என்றேன். எனக்குக் கட்டிச் சோப்பு ஒத்துக்கொள்வதில்லை.

ஜூன் 12, வியாழன்

சந்தை நாள். ரோடெல்லாம் மாடு. தியாகு மத்தியானம் டியூப் மாற்றினான். கறுப்பாக, கனமாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எங்கே வாங்கினாய் என்றேன். "எங்கிட்டயே கெடந்துச்சுங்க" என்றான். 'கெடந்துச்சு' என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டிப்போட்ட துண்டை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, அந்தத் துண்டைப் போட்டு இறுக மூடி, வெளியே குளியலறைச் சுவர்மேல் வைத்திருக்கிறேன். இவர் பார்த்தார். என்ன ஊறுகாய் என்று கேட்கவில்லை.

ஜூன் 14, சனி

ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடக்கிறது. இரண்டே நாள். எடுத்துப் பிடித்தால் விரல் உள்ளே போகிறது. பெட்ரோல் வேறு கறுப்பாகிவிட்டது. இந்த டியூப்பை மாட்டிக்கொண்டு வியாழன் சாயங்காலமும் வெள்ளிக்கிழமை முழுக்கவும் ஒன்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய் அவன் ஸ்பானர் பெஞ்சுமேல் டொக்கென்று வைத்தேன்.

"இது என்ன டியூப்பு தியாகு?"

பார்த்தான். தலையைச் சொறிந்தான். "தண்ணி ஓசுங்க. ரேடியேட்டருக்குப் போடறது. கனமா இருந்துச்சுங்களா, அதனால இப்பத்திக்கு..."

"உன்ர புள்ளைய இந்த வண்டில ஏத்தி உடுவியா?"

அவனுக்கு இரண்டாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். வேறு வேனில் போகிறாள். மனிதன் கெட்டவன் இல்லை. கூப்பிட்டால் எந்த வெயிலிலும் வருவான், அதுவும் நிஜம். ஆனால் கையில் அகப்பட்டதை மாட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தால் சரி என்கிற புத்தி. அந்தப் புத்தியை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவனையே பைக் எடுக்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து கோபி டவுனுக்குப் போனேன். ஸ்பேர் கடைக்காரர் வயதானவர். உப்பிய துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தியாகுவை ஒரு பார்வை பார்த்தார். பெட்ரோலுக்கென்று வருகிற டியூப்பில் நீளத்துக்கு வெள்ளை எழுத்து அச்சடித்திருக்கும் என்று காட்டினார். எழுத்து இல்லாததை வாங்காதே என்றார். பிறகு ஒன்று சொன்னார். "வண்டில அத்தனை டியூப்பும் ஒரே வயசுதானுங்கம்மா. இப்ப வர்ற பெட்ரோலுக்குப் பழைய ரப்பரு தாங்கறதில்ல. முன்னாடி வெடிச்சுதுன்னா பின்னாடியும் வெடிக்கும். டேங்க எறக்குனாத்தான் மேல இருக்கறது தெரியும்."

எல்லா நீளத்துக்கும் சேர்த்து வாங்கிவிட்டேன், கிளிப்புகளோடு. தியாகு முன்பக்கம் முழுவதையும் என் கண்முன்னால் மாற்றினான். எஞ்சினுக்கு வருகிறது, திரும்பிப் போகிறது, ஃபில்டருக்கு இரண்டு பக்கமும். பழையதை மடக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. டேங்க் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "அது ஒரு நாள் வேலைங்க. கீழ இருந்து கைய உட்டுப் பாத்தேன், கெட்டியாத்தான் இருக்குது. இப்பத்திக்கு முன்னாடி மட்டும் போதுமுங்க."

அவனுக்கு மூன்று கோடு.

ஜூன் 16, திங்கள்

வாடை இல்லை. பிள்ளைகள் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். சாத்தவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சாயங்கால டிரிப்பில் தன்யஸ்ரீ கேட்டாள். "அக்கா, அந்த வாசம் என்ர சீட்டுல மட்டும் ஏன் வருது?"

அவள் சீட்டுக்கு நேர் கீழேதான் டேங்க் இருக்கிறது. அவளை முன்னால் கூட்டி வந்து உட்காரவைத்துவிட்டு, நான் அந்தச் சீட்டில் குனிந்து மோந்து பார்த்தேன். லேசாக இருக்கிறது. சிகரெட் பிடிக்கிறவன் சட்டை மாதிரி, இருந்தும் இல்லாமலும்.

வீட்டுக்கு வந்து டேங்க் இறக்கப்போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் இந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டேன்.

"டேங்க்கெல்லாம் எறக்க வேண்டாம்."

"ஏனுங்க?"

"வேண்டாம்னா வேண்டாம் உடு. ஞாயித்துக்கெழமை நானே கீழ படுத்துக் கைய உட்டு மாத்தித் தாரேன்."

எந்தக் கையை விட்டு? சட்டைப் பொத்தான் போட முடியாத கையை வைத்துக்கொண்டு டேங்க்குக்கு மேலே கிளிப் கழற்றுவாராம். மூன்று வருஷமாக இந்த வேனில் ஒரு நாள் ஏறி உட்கார்ந்ததில்லை. சந்தைக்குக்கூட பஸ்ஸில் போகிறார். பெண்டாட்டி ஓட்டுகிற வண்டியில் உட்காரக் கூச்சம் என்று ஊர் சொல்கிறது, பயம் என்று நான் நினைக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு இன்றைக்கு எங்கிருந்து வந்தது இந்த ரோஷம்? கத்தினேன். பிள்ளைகள் உட்காருகிற வண்டி, விளையாட்டா என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். சோறு அப்படியே இருக்கிறது.

ஜூன் 18, புதன்

மேனேஜரைப் பார்த்தேன். வியாழன், வெள்ளி இரண்டு நாள் வேன் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை தியாகுவுக்கு வேறு வேலை இல்லை, டேங்க் இறக்கி எல்லாம் மாற்றி, திங்களன்று பழையபடி வருகிறேன் என்றேன்.

"மேடம், ஸ்கூல் தொறந்து ரெண்டு வாரந்தான் ஆகுது. இப்பத்திக்கு ஓட்டுங்க. கால் பரிட்சை லீவுல சாவகாசமாப் பாத்துக்கலாம்."

கால் பரீட்சை செப்டம்பரில். அதுவரை ஒழுகாமல் இரு என்று டேங்க்குக்கு ஒரு சர்க்குலர் அனுப்புங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, ஒழுகுகிற வண்டியில் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்க வண்டி கதை எனக்குத் தெரியாதா மேடம்? அன்னைக்கு நடந்தது உங்க வீட்டுக்காரரு பீடியால. பெரிசு பண்ணாம, உங்க முகத்துக்காகத்தான் அந்த ரூட்டை உங்களுக்கே குடுத்தோம். நீங்க பொறுப்பானவங்கன்னு. நீங்களே இப்பிடி லீவு கேட்டா, வேற வண்டி நிக்குது."

நான் வாயைத் திறந்தேன். திறந்து, "ஆமாங்க சார்" என்றேன்.

எதற்கு ஆமாம் என்றேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் இங்கே எழுதவில்லை. அவருக்கு ஒரு கோடு.

ஜூன் 19, வியாழன்

வேனை எடுக்கவில்லை. ரூட் போனால் போகட்டும். காலை ஆறு மணிக்கு ஒன்பது வீட்டுக்கும் போன் செய்து, திங்கள் வரை நீங்களே கொண்டுவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பெட்ரோல் ஒழுகுகிறது என்று உள்ளதைச் சொன்னேன். இரண்டு அப்பாக்கள் முனகினார்கள். ஒருத்தர், "எல்லா வண்டியும் அப்பிடித்தானுங்க, இப்பத்திக்கு ஓட்டுங்க" என்றார். அவர் பிள்ளையைத்தான் நான் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை போல. கோடு.

தன்யஸ்ரீயின் அம்மா மட்டும், "நீங்க பாத்துச் சொன்னீங்களே அக்கா, அதுவே போதுமுங்க. உங்களாட்ட ஜாக்கிரதையான டிரைவரு கெடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கோணும்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அவள்மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. நல்ல வார்த்தைதான் சொன்னாள். வீடு முழுக்கக் கூட்டினேன். கூட்டியதையே மறுபடியும் கூட்டினேன்.

ஜூன் 20, வெள்ளி

இவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. தக்காளி ரசம்.

ஜூன் 21, சனி

நாளைக்கு டேங்க் இறக்குகிறோம். தியாகு காலை எட்டு மணிக்கு வரச் சொன்னான். டேங்க்கில் இருக்கிற பெட்ரோலை வாங்கிவைக்க இரண்டு கேன் கழுவி வைத்தேன்.

இங்கே நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். நானே படிக்க முடியாதபடி அடித்திருக்கிறேன். அடித்து என்ன பிரயோஜனம்? நாளைக்கு எப்படியும் வெளியே வரப்போகிறது.

சரி. எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம். காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் வேன் நிற்கும். அடியில் ஈரம் பார்த்தேன். இரண்டு இடத்தில். முன்னால் எஞ்சினிலும், பின்னால் டேங்க்கிலும். இவர் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எடுக்க வேண்டாம், பட்டறையில உட்டர்றேன்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். பிள்ளைகள் ரோட்டில் நிற்கும், ஒரு நாள் போகாவிட்டால் பேர் கெட்டுவிடும் என்றேன். பெட்ரோலில் சோப்பு கரையாது என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா லாரி ஓட்டினவர், அவர் செய்து பார்த்திருக்கிறேன். இவர் குளிக்கப் போன நேரத்தில் துணிச் சோப்பைப் பிசைந்து இரண்டு இடத்திலும் அப்பினேன். முன்னால் ஒரு கிழிசல் துணியைச் சுற்றினேன். பின்னால் கை நுழைகிற சந்தில், டேங்க்குக்கு மேலே, கட்டுவதற்கு வேறொன்றும் இல்லாமல் வாளியில் கிடந்த உள்பாவாடையின் நாடாவை உருவி இறுக்கிக் கட்டினேன். அவர் வந்தபோது ஒழுகல் நின்றிருந்தது. நின்றுவிட்டது பாருங்கள் என்றேன். எப்படி என்று கேட்டார். அழுக்கு அடைத்திருக்கும் என்றேன். "இப்பத்திக்குப் போயிட்டு வாங்க, சாயந்தரம் பாத்துக்கலாம்."

என் வாயால்தான் சொன்னேன்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வாடை தாங்காமல் நிறுத்திச் சீட்டைத் தூக்கியிருக்கிறார். தூக்கியதும் குப்பென்று தீ பிடித்துவிட்டது. முன்னால் வைத்த சோப்பு சூட்டில் உருகிப் பிடி விட்டுப்போயிருக்கும். மண்ணள்ளிப் போட்டு அவரே அணைத்தார். அப்போது அவருக்குப் பீடிப் பழக்கம் இருந்தது, சட்டைப் பையில் தீப்பெட்டியும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த நங்கை அந்தத் தீப்பெட்டியை எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார்கள். பீடிதான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இவர் இல்லை என்று சொல்லவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நானும் சொல்லவில்லை.

முன்பக்கத் துணி எரிந்துவிட்டது. பின்னால் கட்டியது என்ன ஆயிற்று என்று நான் போய்ப் பார்க்கவே இல்லை. விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டு மூன்று வருஷமாக அதற்கு மேலே பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுகிறேன். இதில் தியாகுவைக் கேட்டேன், உன் பிள்ளையை ஏற்றுவாயா என்று.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் நான் வேனைக் கிளப்பும்போது இவர் மில்லுக்குப் போகாமல் வாசலில் நின்றார். லீவாம். "நானும் வாரேன்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வழி முழுக்க மடங்காத கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

தியாகு பேட்டரி வயரைக் கழற்றினான். பெட்ரோலைக் கேனில் பிடித்தோம். ஜாக்கிக்கு மேலே பலகை வைத்து டேங்க்கைத் தாங்கி, போல்ட்டுகளைக் கழற்றினான். துரு பிடித்து ஒன்று உடைந்தது. பட்டறையில் வேறு மூன்று பேர் பைக் விட்டிருந்தார்கள், வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். டேங்க் மெல்லக் கீழே இறங்கியது.

மேலே போகிற டியூப் எல்லாம் ஆற்றங்கரைச் சேறு மாதிரி வெடித்திருந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் உருண்டையாக ஏதோ இருந்தது. தியாகு துடைத்தான். நீலம் தெரிந்தது. கல்லாகிப்போன துணிச் சோப்பு. அதில் விரல் பதிந்த குழிகூட அப்படியே இருந்தது. அதைச் சுற்றி நாடா. அந்த இடத்தில் சோப்பு வெடிப்பைக் கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு விரல் தள்ளிப் புதிதாக வெடித்து, அங்கேதான் கசிவு.

தியாகு நாடாவை ஸ்க்ரூடிரைவரால் தூக்கிக் காட்டினான். "எந்த மடையனுங்க இதைக் கட்டுனது?" என்று சிரித்தான்.

"நாந்தான் தியாகு" என்றார் இவர். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டார். காலையிலிருந்து அதைச் சொல்வதற்கென்றே வந்தவர் மாதிரி.

"நீங்களா கட்டுனீங்க? பாவாடை நாடாங்கண்ணா இது."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருத்தன், "அண்ணனுக்கு அவசரத்துக்கு அதுதான் கெடைச்சிருக்கும்" என்றான். இவரும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டதே தவிரச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இந்த இரண்டு வாரத்தில் வந்த எல்லாவற்றையும்விடப் பெரிது. யார்மேல் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும்.

"அவரு இல்ல. நாந்தான் கட்டுனேன். மூணு வருசத்துக்கு முன்னால. முன்னாடியும் நாந்தான் வெச்சேன். தீப்பிடிச்சது அதனாலதான். அவரு பீடியெல்லாம் பத்த வெக்கல" என்றேன்.

சிரிப்பு நின்றது. பைக்காரர்கள் தங்கள் பைக்கைப் பார்க்கப் போய்விட்டார்கள். தியாகு நாடாவைக் கீழே வைத்தான். நான் இவரைப் பார்த்தேன். அவர் திடுக்கிடவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. சீட்டைத் தூக்குனப்பவே சோப்பு வாசம் அடிச்சுது. நீ துவைக்கற சோப்பு. ஊட்டுக்கு வந்தப்பறம் ஒரு நா கீழ கைய உட்டுப் பாத்தேன். நாடா தட்டுப்பட்டுது."

"தெரிஞ்சுமா மூணு வருசமா உங்க அக்காகிட்ட வசவு வாங்கறீங்க? ஊர்ல அத்தனை பேருகிட்டயும்? ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா உங்களுக்கு?"

கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். அவர் அந்தக் கையால் டேங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர கை போச்சு. வண்டி ஒருத்தர் ஓட்டியாகோணும். அதைச் சொல்லியிருந்தா நீ ஸ்டியரிங்க தொட்டிருப்பியா?" என்றார். பிறகு சாதாரணமாக, மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார். "இப்பத்திக்கு இப்பிடியே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

அதற்கு மேல் நான் கத்தவில்லை. தியாகுதான், "பிளேடு குடுங்கக்கா" என்றான். கொடுத்தேன். பழைய டியூப் எல்லாவற்றையும் அறுத்தெடுத்தான். எழுத்து அச்சடித்த புது டியூப்பை நான் அளந்து பிடிக்க, இவர் கிளிப் ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு டியூப்பிலும் இன்றைய தேதியை நெய்ல்பாலிஷால் எழுதினேன். டேங்க்கை ஏற்றி, பெட்ரோல் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு மணி நேரம் மூன்று பேரும் வேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தோம். ஒரு சொட்டு இல்லை.

ஜூன் 23, திங்கள்

ஒன்பது பிள்ளைகள். ரூட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குத் தீ எப்படிப் பிடித்தது என்று மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கட்டும். தன்யஸ்ரீயின் அம்மாவிடமும் சொன்னேன். அவள் பிள்ளையின் கையைப் பிடித்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஏற்றிவிட்டாள்.

மத்தியானம் நங்கை வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பீடி இல்லை, சோப்பு. அவர் இல்லை, நான். நங்கை வெற்றிலையை மடித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருஷம் தம்பியைத் திட்டினதை நினைத்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். என்னை நாலு வார்த்தை கேட்பார்கள் என்றும் எதிர்பார்த்தேன், கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "செரி, ஆனது ஆச்சு. இப்பத்திக்கு யாருகிட்டயும் சொல்லிக்காத" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். நங்கைக்கு ஒரு கோடு. இவருக்கு ஒரு கோடு. பக்கத்தின் உச்சியில், தியாகுவின் முதல் கோட்டுக்கு முன்னால், கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ஒன்று போட்டு, பக்கத்தில் என் பேரை எழுதினேன்.